விருப்பு வாக்கு எண்டு நான் எழுதினது

ஒரு சொல்லாலை முப்பத்தொரு பேற்றை வோட்டைப் பழுதாக்கினவன் நான். மொழிபெயர்ப்பு வேலைக்கு வாற இளம் ஆக்கள் வாசிக்கவேணும் எண்டுதான் இதை எழுதிறன். என்னைப் புகழ்ந்து எழுத வேறை ஆக்கள் இருக்கினம், அவை எழுதட்டும்.

1. நோட்டீஸ்

தொண்ணூறுகளிலை கனடாவிலை எனக்கு வேலை வெக்ஸ்போர்ட் பக்கம் பிளாசா ஒண்டிலை இருந்த அச்சுக்கடையிலை. கலியாணக் கார்ட், செத்தவீட்டுக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகம், பலசரக்குக்கடை விளம்பரம், எல்லாத்தையும் தமிழிலை ரைப் அடிச்சுக் குடுக்கிறது. ஊரிலை தமிழ் படிப்பிச்சனான், அதாலை எல்லாருக்கும் நான் மாஸ்ரர். ஊரிலை தேர்தல் வந்தா வாத்திமாரைத்தானே வாக்குச்சாவடிக்கு அனுப்பிறது. அந்த வேலையும் ரெண்டுதரம் பாத்தனான். தேர்தலைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை எண்டு ஒரு தடிப்பு.

கனடாப் பாராளுமன்றத் தேர்தல் ஒண்டு வந்துது. எங்கடை சனம் சிற்றிசன் எடுத்துப் போடுற முதல் வோட். ஒரு கட்சி, இங்கிலிஸ் நோட்டீஸ் ஒண்டைத் தமிழாக்கித் தரச்சொல்லிக் கடைக்கு அனுப்பிச்சுது. கொண்டுவந்தவர் செல்வம் அண்ணை. மோர்னிங்சைட்டிலை ஒரு உயரமான அப்பாட்மென்ற் கட்டடத்திலை இருந்தவர். பகலிலை பக்டரி வேலை, பின்னேரத்திலை கட்சிக்காகக் கதவு தட்டுற வேலை.

சும்மா தட்டேல்லை. அந்தக் கட்சி வேட்பாளர் ஒரு வெள்ளைக்கார அம்மா. தான் வெண்டா, தன்ரை ஒபீசிலை சனிக்கிழமையளிலை ஒரு தமிழ் ஆளை இருத்தி, சொந்தக்காரரைக் கூப்பிடச் சனம் போட்ட ஸ்பொன்சர் பைலுகளைப் பாப்பிக்கிறன் எண்டு செல்வம் அண்ணைக்கு வாக்குக் குடுத்திருந்தா. ஆனா, உங்கடை கட்டடம் எனக்கு வோட் போடவேணும் எண்டும் சொன்னவ. அந்தக் கட்டடத்திலை அரைவாசிப் பேருக்கு அம்மாவோ தம்பியோ மனுசியோ கொழும்பிலை விசாவுக்குக் காத்துக்கொண்டு இருந்த காலம். செல்வம் அண்ணையின்ரை மனுசியும் அதிலை ஒராள்.

நோட்டீஸிலை இருந்தது சின்ன வசனம். நீங்கள் தெரிவுசெய்யிற வேட்பாளற்றை பேருக்குப் பக்கத்திலை புள்ளடி போடுங்கோ, அவ்வளவுதான். பெருக்கல் அடையாளத்தைத்தான் நாங்கள் புள்ளடி எண்டுறது. நான் எழுதினது: "உங்கள் விருப்பு வாக்கினைப் புள்ளடியிட்டு அளியுங்கள்." கேக்க எவ்வளவு வடிவா இருக்கு! எனக்கு அண்டைக்குச் சோறே தேவைப்படேல்லை.

செல்வம் அண்ணை வாசிச்சுப்போட்டுத் தலையைச் சொறிஞ்சார்.

"மாஸ்ரர், குறை நினைக்காதேங்கோ. இதிலை 'ஒரே ஒரு புள்ளடி, ஒண்டுதான்' எண்டு பெரிசா ஒரு வரி போடுங்கோவன்."

"ஏன் அண்ணை, சனம் என்ன பாலர் வகுப்பே? அழகான தமிழுக்குப் பக்கத்திலை உதைக் கொண்டுபோய் வைக்கச் சொல்லுறியள்!"

"சரி சரி. நீங்கள் படிச்ச ஆள். நீங்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

நோட்டீஸ் கட்டைத் தோளிலை தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அதை ஒவ்வொரு வீட்டுக் கதவிலையும் அவரே கொண்டுபோய்க் குடுத்தவர்.

2. மேசை

தேர்தல் அண்டு, வாக்கு எண்ணுறதைப் பாக்கக் கட்சி தன்ரை ஆளை வைக்கலாம். ஸ்குரூட்டினியர் எண்டு பேர். அந்தக் கட்டடத்துக்கு என்னைப் போட்டினம். கீழ்த்தட்டு ஹோலிலைதான் வாக்குப்பெட்டி. சனம் கோயிலுக்கு வாறமாதிரி உடுத்துக்கொண்டு வந்துது. செல்வம் அண்ணை லிப்டுக்கும் ஹோலுக்குமாய் நாள் முழுக்க நடந்தார்.

"பாத்தீங்களே மாஸ்ரர், பாத்தீங்களே!" எண்டு வாயெல்லாம் பல்லாய்ச் சிரிச்சார்.

வாக்களிப்பு முடிஞ்சு கதவைப் பூட்டினாப் பிறகு, மேசைக்குப் பொறுப்பான ஒரு வயசுபோன வெள்ளைக்கார மனுசி சீட்டை ஒவ்வொண்டா விரிச்சுக் காட்டினா. முதல் ரெண்டும் எங்கடை வேட்பாளர் அம்மாவுக்கு. மூண்டாவது சீட்டிலை மூண்டு புள்ளடி.

"ரிஜெக்ட்" எண்டு அதைப் புறம்பா வைச்சா.

அடுத்ததிலையும் மூண்டு. அதுக்கடுத்ததிலை ரெண்டு. ஆரோ ஒரு விசரன் எண்டு நினைச்சன். பத்தாவது சீட்டு விரியேக்கைதான் எனக்கு விளங்கிச்சுது.

ஊரிலை விகிதாசார முறை வந்தபிறகு என்ன செய்யிறது? கட்சிக்கு ஒரு புள்ளடி. பேந்து அந்தக் கட்சி ஆக்களிலை மூண்டு பேர் வரைக்கும், ஆளுக்கொரு புள்ளடி. அந்தப் பிந்தின மூண்டுக்கும் பேர்தான் விருப்பு வாக்கு. கனடாவிலை ஒரு தொகுதி, ஒரு ஆள், ஒரு புள்ளடி. ரெண்டாவது விழுந்தாச் சீட்டுச் செல்லாது. சனம் என்ரை நோட்டீஸை வாசிச்சுது. விருப்பு வாக்கு எண்டு மாஸ்ரரே எழுதியிருக்கிறார், அப்ப இஞ்சையும் மூண்டுதான் எண்டு நினைச்சு, அம்மாவுக்கு ஒண்டு போட்டு, மிச்சத்தைக் கண்ணிலை பட்ட பேருகளுக்குப் போட்டுட்டுது. தப்பின சீட்டுகள், விகிதாசாரம் வரமுதல் ஊரிலை ஒத்தைப் புள்ளடி போட்டுப் பழகின கிழடுகளின்ரையாத்தான் இருக்கவேணும்.

விருப்பு வாக்கு எண்டா என்னெண்டு ஊரிலை வாக்குச்சாவடி வாசலிலை நிண்டு சனத்துக்கு விளங்கப்படுத்தினதே நான்தான். அறுந்த மூளைக்கு அது அண்டைக்கு வரேல்லை!

செல்லாத சீட்டு முப்பத்தொண்டு. எல்லாத்திலையும் எங்கடை அம்மாவுக்கு ஒரு புள்ளடி இருந்துது.

கட்சிக்குக் குடுக்க என்னட்டை ஒரு போம் இருந்துது. ஆருக்கு எத்தினை எண்டு நிரப்பவேணும். அடியிலை செல்லாத சீட்டுக்கு ஒரு பெட்டி. அதை நான் வெறுமையா விட்டன். மாஸ்ரற்றை தமிழாலை வோட் பழுதாப்போச்சு எண்டு சனம் சிரிக்கும் எண்ட பயம்தான், வேறையொண்டும் இல்லை.

3. ஒபீஸ்

எங்கடை வேட்பாளர் அம்மா தேர்தலிலை வெண்டிட்டா. அடுத்த கிழமை அவவின்ரை தேர்தல் வேலைக்குப் பொறுப்பா இருந்த கிரெக் எங்களைக் கூப்பிட்டான். நாங்கள் நிரப்பிக் குடுத்த போம்களை வைச்சு, எந்த இடத்திலை கட்சி எப்பிடிச் செய்தது எண்டு வாக்குச்சாவடி வாக்குச்சாவடியாய்த் தாள் போட்டு வைச்சிருந்தான். செல்வம் அண்ணையின்ரை கட்டடத்திலை விரலை வைச்சான்.

"இதைப் பார் செல்வம். இவ்வளவு சனம் இருக்கிற கட்டடத்திலை எங்களுக்கு இவ்வளவுதான். உன்ரை ஆக்கள் வீட்டிலை படுத்திட்டினம்" எண்டு இங்கிலிசிலை சொன்னான்.

"இல்லை, வந்தவை. நான் கதவு கதவாத் தட்டிக் கூட்டிக்கொண்டு வந்தனான். மாஸ்ரரைக் கேளுங்கோ, அவர் அங்கைதான் நிண்டவர்."

கிரெக் என்னைப் பாத்தான். செல்வம் அண்ணையும் பாத்தார்.

"ஓரளவுக்கு வந்தவை" எண்டன்.

சனிக்கிழமைத் தமிழ் ஆளை அம்மாவின்ரை ஒபீசிலை இருத்தேல்லை. எங்களைவிடக் கூட வோட் விழுந்த வேறையொரு பக்கத்துக்கு அந்த உதவி போச்சுது. சொன்ன உதவி வரேல்லை எண்டு கட்டடத்திலை சனம் செல்வம் அண்ணையைப் புளுகன் எண்டுது. லிப்டிலை ஏறினா ஆரும் முகம் குடுத்துக் கதைக்கிறேல்லையாம். கொஞ்சநாளிலை மில்லிக்கன் பக்கம் ஒரு பேஸ்மென்ருக்கு மாறிப் போட்டார்.

4. பிளாசா

ரெண்டு வருசத்தாலை மாகாணத் தேர்தல் வந்துது. திரும்பவும் நோட்டீஸ், திரும்பவும் நான். இந்தமுறை விருப்பும் இல்லை, ஒண்டும் இல்லை. தலைப்பிலை கொட்டை எழுத்திலை: "ஒரே ஒரு புள்ளடி. ஒண்டுதான்."

கடை வாசலிலை நிண்டு குடுத்துக்கொண்டு இருக்கேக்கை செல்வம் அண்ணை மரக்கறிப் பையோடை வந்தார். மனுசி கொழும்பிலை இருந்து வந்திட்டாவோ எண்டு கேட்டன். இன்னும் விசா இன்ரவியூவுக்கே கூப்பிடேல்லை எண்டார். கை நீட்டி நோட்டீஸை வாங்கினார். வாசிச்சார்.

"இது என்ரை வசனமெல்லே மாஸ்ரர்?"

"ஓம் அண்ணை."

"நான் கேக்கேக்கை வேண்டாமெண்டுட்டு இப்ப ஏன் போட்டனீங்கள்?"

சொன்னன். மூண்டு புள்ளடி, முப்பத்தொரு சீட்டு, வெறும் பெட்டி, எல்லாத்தையும் ஒரே மூச்சிலை சொல்லிமுடிச்சன். அவர் பையைக் கீழை வைச்சார்.

"அப்ப சனம் வந்தது."

"வந்தது அண்ணை."

"கிரெக் கேக்கேக்கை நீர் பக்கத்திலைதானே நிண்டனீர்?"

பழகின காலம் முழுக்க என்னை "நீங்கள்" எண்டுதான் கூப்பிட்ட மனுசன். நோட்டீஸை என்ரை கையிலை இருந்த கட்டுக்கு மேலை திருப்பி வைச்சுப்போட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அதுக்குப் பிறகு அவர் அந்தப் பிளாசாவுக்கு வரேல்லை.

பிள்ளையள், ஒரு சொல்லை எழுதமுதல், வாசிக்கப்போற சனம் அதைக் கடைசியா எங்கை கேட்டது எண்டு பாருங்கோ. வடிவா இருக்கு எண்டதுக்காக எழுதாதேங்கோ. பிழை விட்டா அண்டைக்கே சொல்லுங்கோ. அந்தப் போமின்ரை பெட்டியிலை முப்பத்தொண்டு எண்டு எழுத எனக்கு ஒரு நிமிசம்கூடப் பிடிச்சிராது.