அருக்காணி மகளுக்கு ஒரு கண்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் தன் முகத்தைப் பார்த்தபோது அம்சவள்ளிக்கு முதலில் அது யாரென்றே தெரியவில்லை. தெரிந்ததும் நேரே சுவரண்டை போய் நின்றாள்.

ஆள் உயரத்துக்குச் சுவரொட்டி. ஒரு பக்கம், வலது கண் இளநீர் வழுக்கை போல் வெளுத்துக் கிடந்த பழைய அம்சவள்ளி. மறு பக்கம், இரண்டு கண்ணும் திறந்து சிரிக்கிற புது அம்சவள்ளி. நடுவில் கொட்டை எழுத்து: ‘உப்பளத்து வெயில் பறித்த பார்வை! ஸ்டெம் செல் ஆராய்ச்சி தந்த விடியல்! நீங்கள் தரும் நன்கொடை இன்னொரு அம்சவள்ளியை வாழவைக்கும்!’

“இன்னா அம்சா, படத்துல நடிக்கப் போயிட்டியா? சொல்லவேயில்ல” என்றான் டீக்கடை நடராசன்.

“உன் பொண்டாட்டி படத்த ஒட்டு, இன்னும் கூட்டம் வரும்.”

சொல்லிக்கொண்டே நகத்தை விட்டு உரித்தாள். சிரித்த முகம் முழுசாகக் கையோடு வந்தது. வெளுத்த கண் இருந்த பாதி மட்டும் சுவரை விட்டு வர மறுத்தது. அதன் மேல் காறித் துப்பிவிட்டு உப்பளத்துக்கு நடந்தாள். நடராசன் டீ ஆற்றப் போய்விட்டான். அம்சவள்ளி கோபத்தில் இருக்கும்போது பேச்சுக் கொடுத்து மீண்டவர்கள் அந்த ஊரில் கிடையாது.

பொல்லாதவள் என்று எல்லாரும் சொல்வார்கள். யார் அவளைப் பொல்லாதவளாக்கியது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை! புருஷன் கலியபெருமாள் மஞ்சள் காமாலையில் போனபோது மகள் கீதாஞ்சலி பள்ளிக்கூடப் பிள்ளை. அன்றிலிருந்து வருஷா வருஷம் சேற்றில் இறங்கிப் பாத்தி மிதித்தாள், உப்பு வாரினாள், கூடை கூடையாய்த் தலையில் சுமந்து கரையில் அம்பாரம் கொட்டினாள். அந்தத் தலைச்சுமையில்தான் மகளைக் கிளியனூரில் கட்டிக் கொடுத்தாள். உப்பு அரித்த காலில் வெடிப்பு விழுந்தது. வாயில் காரம் ஏறியது. அவ்வளவுதான்.

கண்ணைத் தின்றது உப்பில்லை, வெயிலுமில்லை. ஒரு சுண்ணாம்புப் பாக்கெட்.

உப்பு வாருகிற பெண்களுக்கு வேலை நடுவில் ஒரு வாய் வெற்றிலை போட்டால்தான் உடம்பு அசையும். கையெல்லாம் உப்பு அப்பியிருக்கும். அந்தக் கையால் பிரித்தால் வெற்றிலையே கரிக்கும். அதனால் சின்னப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் வரும் சுண்ணாம்பை எல்லாரும் பல்லால்தான் கடித்துத் திறப்பார்கள். அம்சவள்ளியும் அன்று அப்படித்தான் கடித்தாள். வெயிலில் உப்பிப் போயிருந்த பாக்கெட் பட்டென்று வெடித்து, வலது கண்ணுக்குள் பீய்ச்சியடித்தது.

“ஐயோ, எரியுதே! தண்ணி! தண்ணி ஊத்துங்கடி!”

சுற்றிலும் பாத்தி பாத்தியாய்த் தண்ணீர். அத்தனையும் உப்புக் கரைசல். நல்ல தண்ணீர் இருந்தது ஒரே ஒரு கேனில். அன்றைக்கு அந்தக் கேன் அருக்காணியின் பொறுப்பில் இருந்தது. கலியபெருமாளின் கூடப்பிறந்த தங்கை, அம்சவள்ளிக்கு நாத்தனார்.

அருக்காணி ஒரு சொம்பு ஊற்றினாள். இரண்டாவது சொம்புக்கு அம்சவள்ளி முகத்தை நீட்டியபோது கேனை இழுத்துக்கொண்டாள்.

“போதும் அண்ணி. குடிக்கற தண்ணி இது. இத்தினி பேரு சாயங்காலம் வரைக்கும் குடிக்கணும். வூட்டுக்குப் போய்க் கழுவிக்க.”

வீடு எங்கே, உப்பளம் எங்கே! வழியில் யாரோ விளக்கெண்ணெய் விட்டார்கள், யாரோ தாய்ப்பால் விடச் சொன்னார்கள். வீடு வந்து சேர்வதற்குள் கண் வெந்துவிட்டது. அன்றோடு நாத்தனார் உறவும் வெந்தது. வாசலுக்கு எதிர் வாசல். நடுவில் ஒரு தெரு. அதற்குப் பிறகு இருவரும் ஒருவர் நிழலை ஒருவர் மிதிக்கவில்லை.

புதுச்சேரி கண் ஆஸ்பத்திரிக்கு மகள் இழுத்துக்கொண்டு போனபோது, அங்கேயும் அம்சவள்ளி சண்டைதான் போட்டாள். நல்ல கண்ணிலிருந்து துளி எடுத்துக் கெட்ட கண்ணில் வைக்க வேண்டும் என்றதும், “இருக்கறதையும் நோண்டி விக்கப் பாக்கறியா?” என்று கத்திவிட்டுப் படியிறங்கினாள். டாக்டர் ஆரோக்கியராஜ் வாசல் வரை பின்னாலேயே வந்தார்.

“கருவிழி ஓரத்துல விதை மாதிரி சில செல்லுங்க இருக்குதும்மா. ஸ்டெம் செல்லுன்னு பேரு. அதுங்கதான் கண்ணோட மேல்தோலைப் புதுசு புதுசா வளக்கும். சுண்ணாம்பு உங்க விதைய எரிச்சிடுச்சு. நல்ல கண்ணுல இருந்து நாத்து எடுத்து இதுல நடப் போறோம்.”

“நாத்து புடிக்கலன்னா?”

“புடிக்காமலும் போகலாம். எல்லாருக்கும் புடிக்கறதில்ல. இன்னும் ஆராய்ச்சி நடந்துகிட்டுதான் இருக்குது. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படித்த ஆள் ‘தெரியாது’ என்று சொல்லிக் கேட்டாள். திரும்பிப் படியேறினாள்.

நாற்று பிடித்தது. ஊசியில் நூல் கோர்க்க முடியாது. ஆனால் வரப்பு தெரிந்தது, பேத்தியின் முகம் தெரிந்தது. செலவெல்லாம் நன்கொடையில் நடக்கிற அந்த ஆராய்ச்சித் திட்டத்துடையது.

அந்தத் திட்டத்துக்கு நிதி திரட்டுகிற பிரியதர்ஷினிதான் சுவரொட்டியையும் அடித்தது. அம்சவள்ளி உரித்த சேதி கேட்டு உப்பளத்துக்கே வந்துவிட்டாள்.

“சாரிம்மா. உங்களைக் கேட்காம ஒட்டினது தப்புதான். ஆனா ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு நீங்க வரணும். பணம் தந்துகிட்டிருந்தவங்க நிறுத்திட்டாங்க. புதுசா வர்றவங்க குணமான ஆளை நேர்ல பாக்கணும்ங்கறாங்க. நீங்க வரலன்னா அடுத்த ஆபரேஷன் நடக்காதும்மா.”

“நடக்காட்டிப் போவுது. நான் இன்னா வித்தை காட்டற கொரங்கா?”

“அடுத்தது உங்க ஊர்ப் பொண்ணுதாம்மா. அஸ்வினி.”

அம்சவள்ளியின் கையிலிருந்த உப்பு வாரும் பலகை நின்றது.

அஸ்வினி. அருக்காணியின் ஒரே மகள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியபோது, கொதித்துத் தெறித்ததில் ஒரு துளி அந்தப் பெண்ணின் இடது கண்ணில் விழுந்தது. நிச்சயம் செய்துவிட்டுப் போன திண்டிவனத்துக்காரர்கள், தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தெய்வம் இருக்கிறது என்று அன்றைக்கு அம்சவள்ளி கற்பூரம் ஏற்றினாள். ஏற்றிய கையாலேயே அதை ஏன் அணைத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. “அத்தை, அத்தை” என்று இடுப்பை விட்டு இறங்காமல் வளர்ந்த பெண் அல்லவா அது!

“அருக்காணி என்னக் கூப்புடச் சொன்னாளா?”

“இல்லம்மா. அவங்க உங்க பேரைச் சொன்னாலே எழுந்து போயிடறாங்க.”

“அவ திமிரு அவளுக்கு” என்று சொல்லிவிட்டு அம்சவள்ளி மறுபடி வாரத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சென்னையிலிருந்து காரில் வந்த பெரிய மனிதர்கள். பின்னால் ஊர் ஜனம்.

“கருவக் கலைச்சு அதுலருந்து எடுக்கறதாமே? போன்ல வீடியோ வந்துச்சு” என்று கூட்டத்தில் ஒருவன் குரல் கொடுத்தான். “ஆமா, கண்ணத் திருடி வெளிநாட்டுக்கு வேற அனுப்பறாங்களாம்” என்று இன்னொருத்தி எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் பொறுமையாய்ச் சொல்லிப் பார்த்தார். பாதிப் பேர் கேட்டார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள்.

அப்போது அம்சவள்ளி மேடையேறினாள். பிரியதர்ஷினி காதோடு சொன்னாள்: “உப்பளத்து வெயிலில் பார்வை இழந்தேன்னு ஆரம்பிங்கம்மா. நான் எடுத்துக் கொடுக்கறேன்.”

மைக் முன்னால் நின்றாள். கடைசி வரிசையில் அருக்காணி. அவள் பக்கத்தில், துப்பட்டாவை இழுத்து ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு அஸ்வினி.

“வெயிலு ஒண்ணும் என் கண்ண எடுக்கல” என்றாள் அம்சவள்ளி. “சுண்ணாம்புப் பாக்கெட்டு எடுத்துச்சு. பல்லால கடிச்சேன். இங்க ஒக்காந்துருக்கற அத்தினி பொம்பளைங்களும் அப்புடித்தான் கடிக்கறீங்க. இனிமே கடிக்காதீங்கடி. விடாம தண்ணி ஊத்தியிருந்தா கண்ணு பொழச்சிருக்கும்னு டாக்டரு சொன்னாரு. தண்ணி இருந்துச்சு. அதோ, கடைசியில ஒக்காந்துருக்காளே அருக்காணி, என் நாத்தனாரு, அவ கையில இருந்துச்சு. ஒரு சொம்பு ஊத்துனா. ரெண்டாவது சொம்பு தர மாட்டேன்னுட்டா.”

மண்டபமே திரும்பியது. பிரியதர்ஷினி மைக்கைப் பிடிக்க வந்தாள். “அம்மா, இது வேணாம்மா…”

“இரு, இன்னும் முடிக்கல. இன்னிக்கு அவ பொண்ணுக்கும் அதே சுண்ணாம்பு. என் கண்ணுல நட்ட நாத்து புடிச்சுது, பாருங்க. கருவும் கலைக்கல, கண்ணும் திருடல. என் கண்ணுலருந்து எடுத்து என் கண்ணுலயே வெச்சாங்க. அந்தப் பொண்ணுக்கு வெக்கறதுக்குப் பணம் இல்லியாம். காருல வந்துருக்கறவங்களே, குடுங்க. அருக்காணிக்காகக் கேக்கல. அவ நல்லா இருக்கணும்னு நான் ஒரு நாளும் சாமி கும்புட்டதில்ல. அந்தப் பொண்ணுக்காகக் கேக்கறேன். அவ ரெண்டு கண்ணாலயும் அவங்கம்மாவப் பாக்கணும். நல்லாப் பாக்கணும்!”

அருக்காணி எழுந்தேவிட்டாள்.

“அதுக்கு முந்தின வாரந்தான் ஒருத்தி தண்ணியில்லாம சுருண்டு வுழுந்தா! அன்னிக்கு ஒரே கேனு! இன்னொருத்தி வுழுந்திருந்தா உங்கப்பனா வந்து பதில் சொல்லியிருப்பான்? ஊரக் கூட்டி என் மானத்த வாங்கிட்டே இல்ல?”

“ஆமாண்டி. வாங்கிட்டேன்.”

“அம்மா.” அஸ்வினியின் குரல் தணிந்துதான் வந்தது, ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது. “கேனு காலியா இருந்துச்சுன்னு தானே எங்கிட்ட சொன்னே?”

அருக்காணி மெல்ல உட்கார்ந்தாள். அந்தப் பெண் துப்பட்டாவை விலக்கி, இருந்த ஒற்றைக் கண்ணால் தாயைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் ஊர் திரும்பிப் பார்த்ததெல்லாம் அருக்காணிக்கு ஒன்றுமேயில்லை!

முகம் சுளித்துக்கொண்டு இரண்டு மூன்று கார்கள் உடனே கிளம்பின. மிச்சமிருந்தவர்கள் கொடுத்தார்கள். அந்த வருஷத்துக்குத் திட்டம் பிழைத்தது. அஸ்வினிக்கு ஆபரேஷன் நடந்தது.

பல மாதம் கழித்து, அம்சவள்ளி தன் கண்ணைக் காட்டப் போன அன்று, புதுச்சேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் அருக்காணியும் அஸ்வினியும் இருந்தார்கள். இவள் இந்தச் சுவரோரம், அவள் அந்தச் சுவரோரம். டாக்டர் அஸ்வினியின் வலது கண்ணைக் கையால் பொத்தி, “யாரு தெரியறாங்க?” என்று கேட்டார்.

“அம்மா” என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் தாமதித்து. பிறகு முகம் திரும்பியது, குரலே மாறிப்போனது. “அத்தை! அது அத்தை!”

அம்சவள்ளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம்.

“அண்ணி.”

அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலம்! அம்சவள்ளி திரும்பினாள். அருக்காணி ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“வெயிலு ஜாஸ்தியா இருக்குது. தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

அம்சவள்ளி வாங்கினாள். குடிக்கவில்லை. வாசலில் இருந்த தொட்டிச் செடியின் மேல் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருந்தாள். காலி பாட்டிலை அருக்காணியின் கையில் திணித்தாள்.

“இப்புடித்தாண்டி ஊத்தணும்” என்றாள். “விடாம.”

மரக்காணம் பஸ் வந்து நின்றது. ஏறிக்கொண்டாள்.