தண்ணீர் போதுமானது

என் அக்கா புருஷனுக்கு வேலை, ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுவது. காலையில் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி ஆழம் பார்ப்பார், ஸ்விட்சைத் தட்டுவார், நோட்டில் எழுதுவார். ஊருக்கு அவர் மோட்டார்காரர். எனக்கு அத்தான்.

வேலையில் படு சுத்தம். எழுத்தில்தான் ஒரு தில்லுமுல்லு. கிணறு வற்றிக் கிடந்தாலும் ‘தண்ணீர் போதுமானது’ என்றே எழுதுவார். குறைவு என்று எழுதினால் மேலிடத்திலிருந்து ஜீப் வரும், மோட்டாரைச் சரியாகப் பார்க்கவில்லையா என்று விளக்கம் கேட்பார்கள், நாலு நாள் அலையவிடுவார்கள். சேர்ந்த புதிதில் ஒருமுறை உண்மையை எழுதிவிட்டு அவர் பட்ட பாடு அப்படி. அதனால் நோட்டில் பொய், தெருவில் உழைப்பு என்று வைத்துக்கொண்டார். கோடையில் வயல் கிணறுகளில் மொண்ட குடங்களைக் கைவண்டியில் ஏற்றி, கடைசி வீடு வரை தானே தள்ளிக்கொண்டு போவார். பத்தொன்பது வருஷம் இப்படியே ஓடியது. யார் குடியும் கெடவில்லை.

பிறகு வயல்களுக்கு அப்பால் அனல் மின் நிலையம் வரப்போகிறது என்றார்கள். அதற்கான தண்ணீரை எங்கள் நிலத்துக்கு அடியிலிருந்துதான் உறிஞ்சுவார்களாம். வந்தால் எங்கள் கிணறு ஒரு கோடை தாங்காது. ஊரே எதிர்த்தது, அத்தானும்தான். அந்தச் சமயத்தில் கம்பெனியின் இளம் இன்ஜினீயர் வீடு தேடி வந்து, பழைய நோட்டுகளைப் பார்க்கலாமா என்று பணிவாகக் கேட்டார். அத்தான் உச்சி குளிர்ந்துபோய், வருஷத்துக்கு ஒன்றாகப் பத்தொன்பதையும் தூசி தட்டிக் கொடுத்தார்.

“எதுக்குங்க கேக்குறாங்க?” என்றாள் அக்கா.

“படிக்கணும்னு இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல” என்றார் அத்தான்.

கருத்துக் கேட்புக் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. திரையில் அத்தானின் கையெழுத்து ஆள் உயரத்துக்கு விழுந்தது. எந்தக் கோடையிலும் இங்கே தட்டுப்பாடு வந்ததில்லை, ஊர்க்காரரே எழுதிய ஆதாரம் இதோ என்றார் இன்ஜினீயர். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அத்தான் எழுந்தார்.

“நான் எழுதினதுதான். பொய்யா எழுதினேன். வேலை போனாலும் போகட்டும், இப்போ சொல்றத எழுதிக்குங்க.”

மேடையில் இருந்த அதிகாரி கோபப்படக்கூட இல்லை. “பத்தொன்பது வருஷம் எழுதினத நம்புறதா, இன்னைக்கு ஒரு நாள் சொல்றத நம்புறதா? நீங்களே சொல்லுங்க.”

எனக்கு அதிகாரி மேல் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட அத்தான் மேல்.

மின் நிலையத்துக்கு அனுமதி கிடைத்தது. அத்தானுக்கு வேலை போயிற்று. நாலு கேள்வி கேட்டே தீருவது என்று நான் கிளம்பிப் போனேன். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்.

“தெருவுல ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல மச்சான். கடைசி வீட்டு அம்மா வந்து, ‘வேணும்னேவா செஞ்சீங்க, விடுங்கண்ணே’ன்னு சொல்லிட்டுப் போகுது. நீயாவது திட்டேன்.”

திட்டத்தான் போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, “சாப்ட்டீங்களா அத்தான்?” என்று கேட்டுவிட்டேன். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.