ஒற்றை நட்சத்திரத் தீவு

கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் அவருக்கு விரிசல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. கூப்பிட ஆளில்லாமல் அது துருப்பிடித்துப் போயிற்று. வேலை அப்படி. வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் ஒரு நாற்காலி, எதிரே ஓடும் பெல்ட், அதில் வரிசையாக நகர்ந்து வரும் பாட்டில்கள். கழுத்தில் கீறல், வயிற்றில் குமிழி, அடியில் மெலிவு, எது கண்ணில் பட்டாலும் ஒரு தட்டு. பாட்டில் பக்கத்துத் தொட்டியில் விழுந்து நொறுங்கும். நல்ல பாட்டில் ஒன்றை அவர் நின்று பார்த்ததே இல்லை. அதுதான் தானாகப் போய்விடுகிறதே, அதை எதற்குப் பார்ப்பது?

தொழிற்சாலைக்கு அது நல்ல குணம்தான். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது அதையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார் பாருங்கள், வினை அங்கேதான். சோபா வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் வருடக்கணக்காகத் தரையிலேயே உட்கார்ந்த குடும்பம் அது. அவர் தலையைக் கண்டாலே கடைக்காரர்களுக்கு உள்ளறையில் அவசர வேலை வந்துவிடும். அவருடைய மனைவி ஒருத்திதான் அவரை எந்த விளக்குக்கு முன்னாலும் நிறுத்திப் பார்க்காமல் கட்டிக்கொண்டவள்.

அவள் ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறாள். விடுதிகளிலிருந்து படுக்கை விரிப்புகள் மலை மலையாக வரும். யார் யாரோ உல்லாசமாகப் படுத்து எழுந்த விரிப்புகளை நீராவியில் வெந்துகொண்டே மடிப்பாள். அவள் விடுதியில் தங்கியதில்லை. அவளுடைய முதலாளி விடுமுறை என்ற சொல்லையே கெட்ட வார்த்தையாக நினைப்பவர். அப்பேர்ப்பட்டவரின் கொதிகலன் அந்த வருடம் மண்டையைப் போடப் பார்த்தது. அடுத்த மாதம் புதியதைப் பொருத்தி முடிக்கும்வரை ஒரு வாரம் நிலையத்துக்குப் பூட்டு என்று முடிவாயிற்று. புதுக் கொதிகலன் அவள் வேலையை விட்டு நிற்கும் காலம் வரைக்கும் தாங்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். இப்படி இன்னொரு வாரம் அவளுக்குக் கிடைக்கப் போவதில்லை.

"என்னங்க, எங்கேயாவது ஒரு தீவுக்குப் போகலாமா? கடல் தண்ணி கால்ல படுற மாதிரி நாற்காலியைப் போட்டுக்கிட்டு சும்மா உட்காரணும். வேற ஒண்ணும் வேணாம்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றைத்தான். விரிசலும் நல்ல மனதோடுதான் தலையாட்டினார்.

"போயிடலாம். ஆனா பார்த்துப் போகணும். தீவு தேடுற பொறுப்பை என்கிட்ட விடு."

அந்த இடத்திலேயே அவள் ஆசையில் மண் விழுந்தது. அவளுக்கு மட்டும் அது அப்போது தெரியவில்லை.

இணையத்தில் சுற்றுலாப் பயணிகள் கருத்து எழுதும் பக்கம் ஒன்று உண்டு. பிடித்திருந்தால் ஐந்து நட்சத்திரம், பிடிக்காவிட்டால் ஒன்று. விரிசல் ஒற்றை நட்சத்திரங்களை மட்டும் பிரித்தெடுத்துப் படித்தார். "அஞ்சு போட்டவன் எல்லாம் கண்ணை மூடிக்கிட்டுப் போயிட்டு வந்தவன். ஒண்ணு போட்டவன்தான் பார்த்தவன்" என்று அதற்கு ஒரு தத்துவம் வேறு.

முதல் தீவில் மணல் சுட்டதாம். தட்டு. அடுத்த தீவில் ஒரு பெரிய மனிதர் தென்னை மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார், தேங்காய் தலையில் விழவில்லை, விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த விழாத தேங்காயைப் பற்றிப் பத்தி பத்தியாக அழுது வைத்திருந்தார். அதையும் நம்மவர் மெனக்கெட்டுப் படித்து, தட்டு. வேறொன்றில் ராத்திரியெல்லாம் அலைச் சத்தத்தில் தூக்கம் வரவில்லையாம். பின்னே, கடல் வாயைப் பொத்திக்கொண்டா இருக்கும்? ஜெல்லிமீன், கொசு, உப்புக்காற்றில் முடி சிக்காகிறது, சூரியன் ரொம்பச் சீக்கிரம் உதிக்கிறது, எதையும் அவர் விடவில்லை. தட்டு, தட்டு, தட்டு.

தட்டுவதில் நஷ்டமே இல்லை என்பது அவர் கணக்கு. அதிலும் தொழில்தான் அவரைக் கெடுத்தது. தொழிற்சாலையில் நொறுங்கிய கண்ணாடி மறுபடி உலைக்குப் போகும், வேறு பாட்டிலாகத் திரும்பி வரும். பெல்ட் நிற்பதே இல்லை. தட்டிவிட்ட வாரமும் அப்படித் திரும்பி வரும் என்று அந்த மேதாவி நினைத்தார்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் துண்டில் கையைத் துடைத்தபடி அவர் பின்னால் வந்து நின்றாள். திரையில் ஒரு குட்டித் தீவு. அதற்கு ஒரே ஒரு ஒற்றை நட்சத்திரம்தான் இருந்தது. "இங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. கடல் மட்டும்தான் இருக்கிறது" என்று எவரோ எரிந்து விழுந்திருந்தார்.

"இதுதாங்க! இதையே போட்டுடுங்க."

"உனக்குப் படிக்கத் தெரியுமா தெரியாதா? ஒண்ணுமே இல்லைன்னு எழுதியிருக்கான். அங்கே போய் என்ன பண்றது?"

இவரிடம் கேட்டதே தப்பு என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் பட்டது.

சலவை நிலையத்தைப் பூட்டிய அன்றும் விரிசல் தேடிக்கொண்டிருந்தார். "இப்ப என்ன அவசரம்? அடுத்த வருஷத்துக்குள்ள குறையே இல்லாததா ஒண்ணு பிடிச்சிடலாம்" என்றார். அவள் அறைக்குள் போய்த் தங்கைக்குப் போன் போட்டாள். தங்கை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வண்டியை எடுத்தால் பின்னால் பார்க்கிற கண்ணாடியோடு சரி, திரும்பிப் பார்க்கிற வழக்கமில்லை. மறுநாளே பையோடு வந்து வாசலில் நின்றாள்.

"அத்தான், நீங்க நிதானமா தேடுங்க. நாங்க அதுக்குள்ள போயிட்டு வந்துடறோம்."

"எந்தத் தீவுக்கு?"

"ஒண்ணுமே இல்லாத தீவுக்கு" என்றாள் மனைவி.

அந்த வாரம் முழுக்க விரிசல் செய்த காரியத்தைச் சொல்லவே வாய் கூசுகிறது. வேலை விட்டு வந்ததும் அந்தத் தீவின் வானிலையைத் திறந்து வைத்துக்கொண்டு புயலுக்குக் காத்திருந்தார். கட்டின மனைவி போன இடத்தில் மழை கொட்டவேண்டும் என்று ஏங்கிய மனிதர் அவர். பேருக்குக்கூட ஒரு மேகம் வரவில்லை.

அவள் திரும்பி வந்தபோது மூக்குத் தோல் உரிந்திருந்தது. முகம் கறுத்துப் பளபளவென்று இருந்தது.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"குறைன்னு ஒண்ணுமே இல்லையா?"

"எழுதியிருக்கேன். நீங்க வழக்கமா பார்க்கிற இடத்துலதான்."

விரிசலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. குறை இருக்கிறது! தான் சொன்னது சரி! ஓடிப்போய்த் திறந்தார். அந்தக் குட்டித் தீவின் கீழே இரண்டாவதாக ஒரு ஒற்றை நட்சத்திரம் முளைத்திருந்தது.

"தீவில் குறை ஒன்றும் இல்லை. கடல் காலில் பட்டது. நான் சும்மா இருந்தேன். காதுக்குள் எப்போதும் ஒரு இரைச்சல் கேட்கும், அது நீராவிச் சத்தம் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். இங்கே வந்த பிறகுதான், என்னை யாரும் குறை சொல்லாவிட்டால் அது கேட்பதில்லை என்று புரிந்தது. ஐந்து நட்சத்திரம் போடவேண்டிய இடம். ஐந்து போட்டால் என் வீட்டுக்காரர் படிக்க மாட்டார். அதனால்தான் ஒன்று."

அவர் திரும்பத் திரும்பப் படித்தார். இந்தத் தடவை தட்டிவிட எதுவும் அகப்படவில்லை. கூடத்தில் அவள் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்று எழுந்து போனார். தொண்டையைச் செருமினார். மனதுக்குள் எதையோ தேடினார். என்ன தேடி என்ன? வாயைத் திறந்ததும் வந்தது ஒன்றுதான்.

"தரையெல்லாம் மணல் பாரு."

"தெரியும்" என்றாள் அவள். பையை இன்னொரு தடவை உதறினாள்.