சித்தி தின்ற பச்சரிசி

போன மாதம் தி.நகரில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. உடனே பெண்ணைச் சூழ்ந்துகொண்டு, "சின்ன வயசுல பச்சரிசி தின்னியாடி?" என்று ஒரே கேலி. பச்சரிசி தின்றவள் கல்யாணத்தில் மழை வரும் என்பது நம் பக்கத்துப் பேச்சு. கூட்டத்தில் வாய் திறக்க எனக்கு வராது. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எங்கள் சித்தப்பா கல்யாணத்தில் பெய்த மழைக்கு முழுக் காரணம் நான்தான்.

அப்போது நான் சின்னப் பெண்; நாங்கள் சாந்தோமில் இருந்தோம். சித்தப்பா கட்டப்போகும் பெண்ணின் கொள்ளுத் தாத்தா அயர்லாந்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். அதன் பிறகு அந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் பெரம்பூரைத் தாண்டவில்லை. ஆனாலும் கல்யாணம் என்று வந்தால் அயர்லாந்து வழக்கம்தான். இரண்டு கைகள் ஓர் இதயத்தைப் பிடித்திருக்கிற மோதிரம் போட வேண்டும் என்றார்கள். கூடவே தாலியும் உண்டு என்ற பிறகுதான் அப்பா சம்மதித்தார்.

அத்தை சம்மதிக்கவில்லை. தாயில்லாத தம்பிகள் இருவரையும் வளர்த்து ஆளாக்கிய அக்கா அவர். "சட்டைக்காரப் பொண்ணு நம்ம ஊட்ல எத்தினி நாளு நிக்கும்? வரேன், பாக்கறேன். எதுனா ஒண்ணு கோணலாச்சு, கை நனைக்காம போய்க்கினே இருப்பேன்" என்று சொல்லியிருந்தார். அத்தை சாப்பிடாமல் போனால் சித்தப்பா உடைந்துபோவார் என்பது எனக்கே தெரியும்.

முதல் நாள் சாயங்காலம் பெண்ணின் அப்பா ஒரு குழந்தை இயேசு சிலையோடு வந்தார். கழுத்து ஒடிந்து ஒட்டிய சிலை. எங்கள் வீட்டுச் செம்பருத்தியடியில் அதை நிறுத்தி, வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு போனார். அப்படி வெளியே வைத்தால் கல்யாணத்தன்று வெயில் அடிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கையாம். தை மாதத்தில் மழையை யார் நினைப்பார்கள்? என்னிடம் யாரும் சொல்லவும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், பனியில் ஒரு குழந்தை நிற்கிறது, அதுவும் கழுத்தில் அடிபட்ட குழந்தை. தூக்கி வந்து, பச்சரிசி டின்னுக்குள் இடுப்புவரை புதைத்துக் கதகதப்பாக வைத்தேன். அந்த டின் எனக்குப் பழகின இடம். போகும்போது ஒரு பிடி, வரும்போது ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வேன்.

மறுநாள் மாதா கோயிலில் பூசை முடிந்து, வீட்டுப் பந்தலில் இலை போட்டதும் மழை பிடித்துக்கொண்டது. இலைகள் மிதந்தன. பெண்ணின் அப்பா நனைந்துகொண்டே செம்பருத்தியடியில் சிலையைத் தேடினார். அத்தை பையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

அரிசி எடுக்கப் போன சமையல்காரர் டின்னோடு கூடத்துக்கு வந்தார். "கொயந்த உள்ள குந்திக்கினு கீது நைனா! சாமியே பச்சரிசி துன்னா மழை வராம இன்னா பண்ணும்?"

யாரும் சிரிக்கவில்லை. அத்தை பெண்ணிடம் திரும்பினார். "சாமிய கொண்டாந்தது உங்க நைனா. மழையும் வந்தாச்சு. இன்னாம்மா சொல்றே?"

என் வாயில் அப்போதும் அரிசி இருந்தது. புதுச் சித்தி என் உப்பிய கன்னத்தையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்: "சாமி மேல தப்பு இல்லக்கா. நான்தான் சின்ன வயசுல பச்சரிசி துன்னேன். மூட்டை மூட்டையா. எங்கம்மா அடிச்சும் வுடல."

"சட்டைக்காரங்க ஊட்ல கூடவா?"

"ஏங்க்கா, எங்க ஊட்டு அரிசி மட்டும் கசக்குமா?"

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பையை ஆணியில் மாட்டினார். "நானும் துன்னவதாண்டி. என் கல்யாணத்துல பந்தலே சாஞ்சுது" என்றவர், "இன்னாடா பாத்துக்கினு நிக்கறீங்க, இலைய உள்ள போடுங்க!" என்று தம்பிகளை விரட்டினார். சின்னக் கூடம். பெரம்பூரும் சாந்தோமும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டன. முதல் இலையில் அத்தை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதுவரை அந்த வீட்டில் திட்டு வாங்கித் தின்றது நான் ஒருத்திதான். இப்போது துணைக்கு ஆள் வந்தாயிற்று. மறுநாள் காலையில் இரண்டு கையிலும் பச்சரிசி அள்ளிக்கொண்டு போய், ஒரு பிடியைச் சித்தியிடம் நீட்டினேன். நாலைந்து அரிசியை வாயில் போட்டுக் கடித்த சித்தி, முகத்தைச் சுளித்துக் கையிலேயே துப்பினார்.

"ஐயோ, இத்த எப்பிடிடி துன்றே?"

மூட்டை மூட்டையாகத் தின்றவருக்கு அதற்குள் எப்படி மறந்துபோகும் என்று யோசித்துக்கொண்டே, அவர் பங்கையும் நானே தின்று முடித்தேன்.