பஸ்ஸில் எழுதிய மனு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் நான் வேலை பார்த்தபோது நடந்தது இது. மாதனூர் பக்கத்து கிராமத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போவேன்.

அதற்கு முன் பதின்மூன்று வருடம் வேலூர் சிறையில் இருந்தேன். ஒரு குடும்பச் சண்டை கொலையில் முடிந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், உள்ளே போன பிறகுதான் பத்தாவது, பிளஸ் டூ என்று எழுதி, தபால் வழியில் பி.ஏ.வும் முடித்தேன். கூட இருந்த பெண்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் பழக்கமும் ஒட்டிக்கொண்டது.

வெளியே வந்தும் அது விடவில்லை. பஸ்ஸில் ஒருத்தியின் மாமியாருக்கு நின்றுபோன பென்ஷன், இன்னொருத்தியின் தெருவுக்கு வராத தண்ணீர் என்று எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். பாதிப் பேருக்குக் கையெழுத்தே தடுமாறியது. "எத்தினி நாளைக்கு நானே எழுதறது? ஆளுக்கு ஒரு நோட்டு வாங்கினு வாங்க" என்றேன். முக்கால் மணி நேரப் பயணம் வகுப்பாகிவிட்டது. பஸ் குலுங்கினால் எழுத்துக்கு வால் முளைக்கும். பழி டிரைவர் அண்ணன் மேல் விழும்.

எங்கே படித்தாய் என்று கேட்டால் மட்டும் "வேலூர்ல" என்று நிறுத்திக்கொள்வேன். வேலைக்குச் சேரும்போது வழக்கு ஏதும் உண்டா என்ற கேள்விக்கும் 'இல்லை' என்றே எழுதியிருந்தேன்.

புதிதாக வந்த ஹெச்.ஆர். அதிகாரி பழைய விண்ணப்பங்களைச் சரிபார்த்ததில் பொய் வெளியே வந்தது. "நாளைக்கு காலைல என் ரூமுக்கு வாங்கம்மா" என்றார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். வேறு யார் வாயாலோ கேட்பதைவிட நானே சொல்லிவிடலாம் என்று சாயங்காலம் பஸ்ஸில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் பேசவில்லை. என் ஸ்டாப்பில் இறங்கியபோது ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசி டவுன் பஸ்ஸில் போனேன். அதிகாரியின் மேஜையில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். அடியில் பத்தொன்பது கையெழுத்து.

"பொய் எழுதினது பத்தாதுன்னு, நீங்களே மனு எழுதி இவங்ககிட்ட கையெழுத்து வேற வாங்கினீங்களா?" என்றார் கோபமாக.

தாளை வாங்கிப் படித்தேன். 'எங்கள் அக்காவை வேளையை விட்டு எடுக்க வேண்டாம் என்று பனிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "சார், நான் எழுதியிருந்தா பணிவுக்கு ரெண்டு சுழி போடுவனா? பத்து தபா சொல்லிக் குடுத்திருக்கேன் சார்! வேலைக்கு எந்த 'லை'ன்னு போன வாரம்தான் நடத்தினேன்!"

அவர் தாளை மறுபடி பார்த்தார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். மேலதிகாரியிடம் பேசிவிட்டு மதியம் கூப்பிட்டார். "பொய் எழுதினதுக்கு எச்சரிக்கை லெட்டர் உண்டு. இந்தப் புது ஃபாரத்துல உண்மைய எழுதிக் குடுத்துட்டு மெஷினுக்குப் போங்க" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "நேத்து ஏன் யாரும் வாயே தொறக்கல?" என்று கேட்டேன்.

"பொய் சொல்ல மாட்டேன்க்கா, பயந்துதான் போய்ட்டோம்" என்றாள் என் பக்கத்து சீட்டுக்காரி. "நீ எறங்கினப்புறம்தான் பேசினோம். எங்களுக்காக எத்தினி ஆபீஸுக்கு எழுதினவ நீ! உடனே நோட்ட எடுத்துட்டோம். மனு எப்பிடி இருந்துச்சி?"

"பத்துக்கு ஆறு."

"ஆறு ரொம்ப கம்மிக்கா!" என்று சண்டைக்கே வந்துவிட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், சிறையிலிருந்து வெளியே வரும் பெண்களுக்குச் சட்ட உதவி கிடைக்க ஓடியாடுகிறேன். எதை மறந்தாலும் அவர்களிடம் ஒன்றைச் சொல்ல மறப்பதில்லை: படித்ததைப் பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லிக் கொடுங்கள், நமக்காக எழுதவும் என்றாவது ஒருநாள் நாலு பேர் வேண்டியிருக்கும்.