வாயில் உறைந்த தயிர்

லக்னோவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஒரு மாலை, பக்கத்து வீட்டு அம்மையார் என் மகளைப் பள்ளி வேனிலிருந்து அழைத்துவந்து வாசலில் விட்டு, "இஸே தோ சாம்ப் சூங் கயா ஹை" என்றார். சாம்ப் என்றால் பாம்பு. அதற்குமேல் எனக்கு இந்தி தேவைப்படவில்லை. ஆர்.கே.பேட்டையில், கடலைக் கொல்லையில் கடிபட்ட சித்தப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு ஓடிய குடும்பம் எங்களுடையது. மகளை உட்காரவைத்து, ஷூவையும் சாக்ஸையும் பிடுங்கி எறிந்து, கால்விரல் இடுக்கெல்லாம் பல் தடம் தேடினேன். அம்மையார் சிரித்துவிட்டார். பேச்சற்றுப் போனவரைப் பாம்பு முகர்ந்துவிட்டது என்பது இங்கே வழக்காம்.

"கால்ல இல்ல நைனா," என்று மகள் சட்டைக் கையைத் தூக்கினாள். தோளுக்குக் கீழே நான்கு விரல்கள் பதிந்து கன்றியிருந்தன.

வகுப்பில் கேட்ட கேள்விக்கு இந்தியில் பதில் வராமல் நின்றிருக்கிறாள். வாயில் தயிரா உறைந்திருக்கிறது என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். நம் ஊரில் கொழுக்கட்டையா என்போமே, அதேதான். தஹி என்ற ஒரு சொல் புரிந்துவிட்ட மகிழ்ச்சியில் இவள், "தஹி நஹி மிஸ், இட்லி" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். அதற்குத்தான் அந்த விரல்கள்.

பள்ளிக்குப் போய்க் கேட்கப்போகிறேன் என்றதும் அம்மையார் குரலைத் தாழ்த்தினார். "ஏக் சுப், சௌ சுக், பாய் சாஹப்." ஒரு மௌனம், நூறு சுகம். அந்த நூறும் யாருக்கு என்று கேட்க என் இந்தி போதவில்லை. திருத்தணியிலிருக்கும் தங்கைக்குப் போன் செய்தேன். அவளாவது கொதிப்பாள் என்று நினைத்தேன்.

"கம்முனு இருண்ணா. நாளைக்கும் கொழந்த அங்கதான போவணும்? நீயா கூட ஒக்காந்துகினு இருக்கப் போற?"

மறுநாள் போனேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் தலைமை ஆசிரியையின் முன் பாதியில் அறுந்தன. அவர் என்னை விட்டுவிட்டு, என்ன நடந்தது என்று மகளிடம் கேட்டார். கதவோரம் அந்த ஆசிரியை நின்றிருந்தார். மகள் அவரைப் பார்த்தாள்.

"சொல்லும்மா," என்றேன் தமிழில்.

"குச் நஹி ஹுவா, மேம்," என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. தடுமாற்றமோ பிசிறோ இல்லாமல் அவள் பேசிய முதல் இந்தி வாக்கியம் அது.

"பாருங்கள், எவ்வளவு அழகாகப் பேசுகிறாள்," என்று தலைமை ஆசிரியை மகிழ்ந்தார்.

வெளியே வந்ததும், "மணி அடிச்சிட்டாங்க, நீ ஊட்டுக்குப் போ நைனா" என்று வகுப்புக்குள் ஓடினாள். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து இந்திப் பாடம் ஒப்பிக்கத் தொடங்கினார்கள். தாழ்வாரத்தில் நின்று அவள் குரலைத் தேடினேன். பிரித்தெடுக்க முடியவில்லை.