கொழும்பில் ஏது தேயிலை மலை?

குளவி ரீங்கரித்தால் இன்றும் என் மனம் அந்தக் காலைக்கு ஓடிவிடும். ராகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த தங்கை செல்வி, குளவி கொட்டி, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் மூச்சுத் திணறிக் கிடந்தாள். மொபைலில் சிக்னல் இல்லை. மகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்து வீட்டு இணைய இணைப்பில் மாட்டியிருந்த இன்டர்நெட் போனில் ஆம்புலன்ஸை அழைத்து, "கொழுந்து மலையில குளவி கொட்டிருச்சுங்க, ஓடியாங்க!" என்று கதறினேன். ஊரைச் சொல்லவில்லை.

"இங்க கொழும்பு அட்ரஸ் காட்டுது. கொழும்புல ஏதுக்கா தேயிலை மலை? எங்க இருக்கீங்க?" என்றது பெண்குரல்.

"ராகலைங்கம்மா!"

திரையில் தெரிந்த முகவரியோடு நிற்காமல் கேட்ட அந்தக் கேள்வியால் செல்வி பிழைத்தாள். போனுக்குப் பதிந்திருந்த பழைய கொழும்பு முகவரியைப் பிறகு மாற்றிவிட்டோம். அவசரமென்றால் இப்போது முதலில் ஊரைத்தான் சொல்கிறேன்.

அன்று சைரன் கேட்கும்வரை அந்தப் பெண் லைனிலேயே இருந்தார். கடைசியாகச் சொன்னார்: "வண்டி வந்துருச்சுல்லக்கா, போனை வச்சிட்டுத் தங்கச்சி கையப் புடிங்க."